பழைய வெப்பநிலைப் பதிவுகளைத் திருத்துவதும் திருத்தத்தின் நிச்சயமின்மையை அளப்பதும்: ஒரு செய்முறை வழிகாட்டி

நூறாண்டு நீளமுள்ள ஒரு வெப்பநிலைத் தொடரைக் கையில் எடுக்கும் ஆய்வாளர், அதில் காற்றின் வெப்பம் மட்டுமே பதிவாகியிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வெப்பமானி மாற்றப்பட்டது, அது தொங்கிய கூண்டு மாற்றப்பட்டது, நிலையம் ஊர் நடுவிலிருந்து விமான நிலையத்துக்கு இடம்பெயர்ந்தது, மாலையில் எடுத்துவந்த வாசிப்பைக் காலையில் எடுக்கத் தொடங்கினார்கள் என்பன போன்ற நிகழ்வுகள் ஒவ்வொன்றும் அந்த எண்களுக்குள் தம் தடத்தை விட்டிருக்கும். இந்தத் தடங்கள் பெரும்பாலும் டிகிரியில் பத்தில் சில பங்கு முதல் ஒரு டிகிரி வரை இருக்கும். நாம் தேடும் காலநிலை மாற்றமோ, ஒரு நூற்றாண்டில் ஒன்றிரண்டு டிகிரி அளவிலானது. ஆகவே திருத்தாமல் விட்ட பதிவிலிருந்து நீண்டகாலப் போக்கைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தத் திருத்தும் பணியை ஒருசீராக்கம் என்கிறோம். மாத வெப்பநிலைத் தரவும், சுற்றுவட்டார நிலையங்கள் சிலவற்றின் தரவும், புள்ளியியலில் அடிப்படைப் பயிற்சியும் உள்ளவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இத்தகைய மாற்றங்களால் தொடரில் வரும் திடீர்த் தாவலை, அதாவது முறிவை, கண்டுபிடித்துத் திருத்துவதைப் பல மென்பொருள்கள் செய்து தருகின்றன. அதோடு வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் ஒரு மதிப்பீடுதான், அதற்கும் ஒரு பிழை உண்டு, அந்தப் பிழை எப்படி நடந்துகொள்கிறது என்பதும் அதன் அளவைப் போலவே முக்கியமானது. சில பிழைகள் சராசரி எடுக்க எடுக்கக் கரைந்துபோகும். சில எத்தனை நிலையங்களைச் சேர்த்தாலும் அசையாமல் அப்படியே நிற்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவதையே இங்கு முதன்மையாக வலியுறுத்துகிறேன். கீழே வரும் டிகிரிகள் அனைத்தும் செல்சியஸ்.

நிலையத்தின் வரலாறு

கணினியைத் திறக்குமுன் நிலையத்தின் வரலாற்றைத் தாளில் எழுதிவிடுங்கள். நிலையம் எங்கே இருந்தது, எப்போது எங்கே நகர்ந்தது, ஒவ்வோர் இடத்தின் உயரம் என்ன, வெப்பமானி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, எந்த வகைக் கூண்டில் இருந்தது, எந்த மணிக்கு வாசித்தார்கள், அன்றாடச் சராசரியை எந்தச் சூத்திரத்தால் கணக்கிட்டார்கள், எந்த அலகில் எத்தனை இலக்கத்துக்கு எழுதினார்கள் என்பவை எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். உலக வானிலை அமைப்பு வெப்பமானிக்குப் பரிந்துரைக்கும் உயரம் 1.25 முதல் 2 மீட்டர் வரை. பழைய நிலையங்களில் மாடிச் சன்னலுக்கு வெளியேயும் கூரை மீதும் வைத்து அளந்ததும் உண்டு. நிலையம் 100 மீட்டர் மேலே நகர்ந்தால், வேறு எந்தக் காரணமும் இல்லாமலே சராசரி சுமார் 0.6 டிகிரி குறையும்.

பழைய ஆய்வறிக்கைகள், பார்வையாளரின் கையேடுகள், ஆய்வுக்கு வந்த மேலதிகாரிகளின் குறிப்புகள், நிலையத்தின் புகைப்படங்கள் ஆகியவை இந்த வேலைக்கு உதவும். எழுதப்படாத மாற்றங்கள் எப்போதும் இருக்கும் என்பதால், ஆவணத்தில் இல்லை என்பதை மாற்றமே நிகழவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆவணத்தில் உள்ள நாளையும் முழுமையாக நம்பிவிட முடியாது, ஏனெனில் புதிய கூண்டு வந்து சேர்ந்த நாளும் அதில் வாசிக்கத் தொடங்கிய நாளும் வேறாக இருக்கலாம். ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் அது எவ்வளவு நம்பத்தக்கது என்று ஒரு சொல்லாவது எழுதி வையுங்கள். பின்னால் நிச்சயமின்மையைக் கணக்கிடும்போது அந்தச் சொல் எண்ணாக மாறும்.

எண்களை எழுதிய விதமும் ஒரு பிழை மூலம்தான். முழு ஃபாரன்ஹீட் டிகிரிக்கு முழுமையாக்கி எழுதிய வாசிப்பில், முழுமையாக்கலால் மட்டும் வரும் திட்ட விலக்கம் சுமார் 0.16 செல்சியஸ் டிகிரி. இது தனித்தனி வாசிப்புகளில் இருபுறமும் சமமாக விழும் பிழை என்பதால் மாதச் சராசரியில் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் பாதியில் முடியும் எண்ணை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கும் பழக்கமும், அரை டிகிரிக்கு எழுதியதை மீண்டும் முழு டிகிரிக்கு மாற்றும் இரட்டை முழுமையாக்கலும் ஒருபக்கச் சாய்வைத் தரும், அவை கரையா. உலகின் மிக நீண்ட கருவிவழி வெப்பநிலைத் தொடரான, கோர்டன் மேன்லி தொகுத்த மத்திய இங்கிலாந்துத் தொடர் 1659-இல் தொடங்குகிறது. அதன் தொடக்க ஆண்டுகளின் மாதச் சராசரிகளையே மேன்லி முழு டிகிரிக்கோ அரை டிகிரிக்கோதான் தந்தார். தரவு தாங்கக்கூடிய துல்லியத்துக்கு மேல் ஓர் இலக்கம்கூட எழுதாத அந்த நேர்மை இன்றும் பின்பற்றத்தக்கது.

வாசித்த நேரம்

நேரத்தால் வரும் பிழையை நேரடியாகக் கணக்கிட்டுவிடலாம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுவது நல்லது. உச்ச வெப்பமானியும் தாழ்ந்த வெப்பமானியும், கடைசியாக மீட்டமைத்த நேரம் முதல் இந்த வாசிப்பு வரையான 24 மணிநேரத்தின் உச்சத்தையும் தாழ்வையும் காட்டுகின்றன. மாலை 5 மணிக்கு வாசித்து மீட்டமைக்கும் நிலையத்தில், இன்று கடும் வெயில் அடித்திருந்தால் மீட்டமைத்த பிறகும் காற்று சூடாகவே இருக்கும். நாளை குளிர்ச்சியான நாளாக அமைந்தாலும், இன்றைய மாலையின் சூடே நாளைய உச்சமாகப் பதிவாகிவிடும். வெப்பமான நாள் இரண்டு முறை எண்ணப்படுகிறது. காலை 7 மணிக்கு வாசித்தால் இதுவே தலைகீழாகிக் குளிர்ந்த விடியல்கள் இரண்டு முறை எண்ணப்படுகின்றன.

அமெரிக்காவின் தன்னார்வப் பார்வையாளர் வலையமைப்பில், 20-ஆம் நூற்றாண்டின் போக்கில் மாலை வாசிப்பிலிருந்து காலை வாசிப்புக்குப் பெரும் எண்ணிக்கையிலான நிலையங்கள் மாறின. மழைப்பதிவுக்குக் காலை நேரம் வசதியாக இருந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். விளைவாக, அந்நாட்டின் திருத்தப்படாத சராசரியில் உண்மையில் இல்லாத ஒரு குளிர்ச்சி புகுந்தது. தாமஸ் கார்லும் உடன் பணியாற்றியவர்களும் 1986-இல், மணிக்கொரு முறை பதிவு செய்த நிலையங்களின் தரவைக் கொண்டு இதற்கான திருத்த முறையை உருவாக்கினார்கள்.

அதே வழியை நீங்களும் பின்பற்றலாம். உங்கள் நிலையத்திலோ அதே காலநிலையுள்ள அருகு நிலையத்திலோ இன்று மணிக்கொரு முறை கிடைக்கும் தரவைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் மீட்டமைத்திருந்தால் எந்த உச்சமும் தாழ்வும் கிடைத்திருக்கும், மாலை 5 மணிக்கு என்றால் எவை, காலை 7 மணிக்கு என்றால் எவை என்று ஒவ்வொரு மாதத்துக்கும் கணக்கிடுங்கள். அந்த வேறுபாடுகளின் சராசரி உங்கள் திருத்தம். ஆண்டுக்கு ஆண்டு அவை சிதறும் அளவு, அந்தத் திருத்தத்தை ஒரு தனி மாதத்துக்குப் பயன்படுத்தும்போது வரும் நிச்சயமின்மை. பார்வையாளர் எழுதிய நேரத்தை உண்மையிலேயே கடைப்பிடித்தாரா என்ற ஐயம் இருந்தால், நேரத்தை ஒரு மணி முன்னும் பின்னும் நகர்த்தி அதே கணக்கை மீண்டும் செய்து, விளைவு எவ்வளவு மாறுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சராசரிச் சூத்திரத்தின் மாற்றத்தையும் இதே தரவைக் கொண்டு அளக்கலாம். 7, 14, 21 மணி வாசிப்புகளில் கடைசியை இரட்டித்து நான்கால் வகுக்கும் ஐரோப்பியப் பழக்கமும், உச்சத்தையும் தாழ்வையும் கூட்டி இரண்டால் வகுக்கும் பழக்கமும் ஒரே காற்றுக்கு இருவேறு சராசரிகளைத் தரும்.

கூண்டு

என் கருத்தில், பழைய பதிவுகளின் மிகக் கடினமான சிக்கல் இதுதான். காற்றின் வெப்பத்தை அளக்க வேண்டுமானால் வெப்பமானியை வெயிலிலிருந்தும், சூடேறிய தரையின் கதிர்வீச்சிலிருந்தும், மழையிலிருந்தும் காக்க வேண்டும், அதே சமயம் காற்று தடையின்றி ஓட வேண்டும். இதற்காகத் தாமஸ் ஸ்டீவன்சன் 1860-களில் வடிவமைத்த, வெள்ளை பூசிய, சாய்பலகை இடுக்குகள் கொண்ட மரப்பெட்டி உலகெங்கும் நிலைபெறப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குமுன் ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு வழி வைத்திருந்தது. பிரிட்டனிலும் அதன் குடியேற்றங்கள் சிலவற்றிலும் கிளெய்ஷர் தாங்கி என்ற, ஒரு பக்கம் திறந்த பலகையைப் பயன்படுத்தினார்கள். ஆல்ப்ஸ் பகுதியில் வடக்கு நோக்கிய சுவரில் வெப்பமானியைப் பொருத்தினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலும் இலங்கையிலும் ஓலை அல்லது வைக்கோல் வேய்ந்த கூரையின் கீழ், பக்கங்கள் திறந்த கொட்டகையில் வெப்பமானிகளைத் தொங்கவிட்டார்கள். ஸ்டீவன்சன் பெட்டி அங்கே 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில்தான் பரவலானது. எனவே சென்னையின் அல்லது கொழும்பின் 19-ஆம் நூற்றாண்டு எண்களை எடுத்து இன்றைய எண்களோடு அப்படியே கழித்துப் பார்ப்பவர், காலநிலை மாற்றத்தோடு கொட்டகைக்கும் பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்தே அளக்கிறார்.

இதற்கு உறுதியான விடை தருவது ஒன்றே ஒன்று: இரண்டு கூண்டுகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஆண்டுக்கணக்கில் வாசிப்பது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1887 முதல் 1947 வரை கிளெய்ஷர் தாங்கியையும் ஸ்டீவன்சன் பெட்டியையும் ஒரே இடத்தில் வைத்து வாசித்திருக்கிறார்கள். நெவில் நிக்கோல்சும் குழுவினரும் 1996-இல் அந்தப் பதிவை ஆராய்ந்தபோது, ஆண்டுச் சராசரியில் கிளெய்ஷர் தாங்கி சுமார் 0.2 டிகிரி கூடுதலாகக் காட்டியதும், கோடைகால உச்சத்தில் அந்த வேறுபாடு ஒரு டிகிரியை எட்டியதும் தெரியவந்தது. ஆண்டுச் சராசரிக்கு 0.2 என்ற ஒற்றை எண்ணால் திருத்தினால் கோடை உச்சத்தில் பெரும்பகுதிப் பிழை அப்படியே தங்கிவிடும், இரவுத் தாழ்விலோ இல்லாத பிழையைத் திருத்திக் கெடுத்துவிடும். கூண்டு மாற்றத்துக்கான திருத்தத்தை மாதவாரியாகவும், உச்சத்துக்கும் தாழ்வுக்கும் தனித்தனியாகவும் வைப்பதை ஒரு விதியாகவே கொள்ளுங்கள்.

ஆஸ்திரியாவின் கிரெம்ஸ்மூன்ஸ்டர் மடத்தில் வெப்பமானி வடக்குச் சுவரில் இருந்த பழைய அமைப்பை இன்றைய அமைப்போடு ஒப்பிட்டு, ரைன்ஹார்ட் போமும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு நல்ல முன்மாதிரி. கோடையில் விடியலும் அந்தியும் வடக்குச் சுவரின் மீதும் சாய்வான வெயிலை வீசுவதால் பழைய கோடை வாசிப்புகள் கூடுதல் வெப்பத்தைக் காட்டின; 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய கோடைகளை மத்திய ஐரோப்பா முழுவதும் கீழ்நோக்கித் திருத்த வேண்டியிருந்தது. அண்டை நிலையங்களெல்லாம் ஒரே பாணியில் வெப்பமானியைப் பொருத்தியிருந்ததால், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இந்தச் சாய்வைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

உங்கள் இடத்தில் இணை அளவீடு இல்லாவிட்டால், அதே அட்சரேகையிலும் அதே மேகமூட்ட நிலையிலும் வேறெங்காவது நடந்த இணை அளவீட்டைக் கடன் வாங்கலாம். ஆனால் அப்போது நிச்சயமின்மையைக் கணிசமாகக் கூட்ட வேண்டும். கடன் வாங்கிய திருத்தத்தின் நிச்சயமின்மை, அந்தத் திருத்தத்தின் அளவில் பாதிக்குக் குறையக் கூடாது என்பது நான் கைக்கொள்ளும் வரம்பு.

அண்டை நிலையங்களோடு ஒப்பிடுதல்

ஆவணத்தில் இல்லாத முறிவுகளைக் கண்டுபிடிக்க அண்டை நிலையங்களே துணை. ஒரு வட்டாரத்தின் நிலையங்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே வானிலையை அனுபவிக்கின்றன. ஆகவே உங்கள் நிலையத்தின் மாத விலகலிலிருந்து (அந்த மாதத்தின் வழக்கமான சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பது) அண்டை நிலையத்தின் மாத விலகலைக் கழித்தால், பொதுவான காலநிலை நீங்கி, நிலையங்களுக்கே உரிய மாற்றங்கள் மட்டும் எஞ்சும். இந்த வேறுபாட்டுத் தொடரில் தென்படும் திடீர்ப் படியே முறிவு. உங்கள் நிலையத்தின் தொடரை மட்டும் தனியே வைத்து முறிவு தேடுவதைத் தவிருங்கள். உண்மையான காலநிலைத் தாவல்களையும் முறிவென்று கருதி அழித்துவிடும் ஆபத்து அதில் உண்டு. ஐரோப்பிய ஆய்வாளர்கள் விக்டர் வெனிமாவின் ஒருங்கிணைப்பில் 2012-இல் வெளியிட்ட ஒப்பீட்டுச் சோதனையில், அண்டை நிலையங்களை ஒப்பிடும் நல்ல முறைகள் வெப்பநிலைத் தரவை மேம்படுத்தியதும், தனித்தொடர் முறை தரவை முன்பிருந்ததைவிட மோசமாக்கியதும் வெளிப்பட்டன.

அண்டை நிலையங்களைத் தேரும்போது, மதிப்புகளுக்கிடையேயான ஒட்டுறவை விட, ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இடையிலான மாற்றங்களின் ஒட்டுறவைப் பாருங்கள். முறிவு ஒரு மாதத்து மாற்றத்தை மட்டுமே கெடுக்கும் என்பதால், இந்த ஒட்டுறவு முறிவுகளால் அதிகம் ஏமாறாது. கடலோர நிலையத்துக்கு உள்நாட்டு நிலையம் தொலைவில் அருகிலிருந்தாலும் நல்ல துணையாகாமல் போகலாம். மலை நிலையத்துக்கு அடிவார நிலையமும் அப்படியே.

முறிவைத் தேட ஹான்ஸ் அலெக்சாண்டர்சன் 1986-இல் முன்வைத்த சோதனை இன்றும் நல்ல தொடக்கம். வேறுபாட்டுத் தொடரை அதன் சராசரியும் திட்ட விலக்கமும் கொண்டு இயல்பாக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் தொடரை இரண்டாக வெட்டி, முன்பகுதிச் சராசரியின் வர்க்கத்தை அதன் நீளத்தாலும் பின்பகுதிச் சராசரியின் வர்க்கத்தை அதன் நீளத்தாலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டுத்தொகை உச்சமடையும் இடமே முறிவுக்கான வாய்ப்புள்ள இடம். நூறு மதிப்புகள் கொண்ட தொடருக்கு 95 விழுக்காட்டு வரம்பு 9-ஐச் சற்றே தாண்டும். வேறுபாட்டுத் தொடரில் தன்னொட்டுறவு, அதாவது அடுத்தடுத்த மதிப்புகளுக்கிடையே ஒட்டுறவு, இருந்தால் இந்த வரம்பு போதாது, போலி முறிவுகள் பெருகும்.

படியைக் கண்டதும், அது உங்கள் நிலையத்துடையதா அண்டை நிலையத்துடையதா என்ற கேள்வி எழும். அமெரிக்காவின் தேசியக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்தில் மேத்யூ மென்னும் கிளாட் வில்லியம்சும் 2009-இல் வெளியிட்ட இணைவாரி முறை இதற்கு எளிய தர்க்கத்தைப் பயன்படுத்துகிறது: எல்லா நிலையங்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து வேறுபாடு எடுத்தால், ஒரு நிலையத்தின் முறிவு அந்த நிலையம் இடம்பெறும் இணைகளில் மட்டும் அதே நாளில் தோன்றும். நிலையங்கள் குறைவாக இருந்தால் இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம், பத்துக்கு மேல் என்றால் மென்பொருளே வழி. கிளைமாட்டால், ஆக்மான்ட், ஹோமர் போன்றவற்றில் ஒன்றைத் தேர்ந்து அதன் உள்ளமைப்புகளை நன்றாகப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். முடிந்தால் இரண்டைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் ஒரே தரவில் இரண்டு நல்ல முறைகள் தரும் விடைகளின் இடைவெளி, எந்தச் சூத்திரமும் காட்டாத ஒரு நிச்சயமின்மையைக் காட்டும்.

எல்லா நிலையங்களிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்த மாற்றத்தை இந்த ஒப்பீடு காணாது, அல்லது அரைகுறையாகவே காணும். 1980-களின் நடுவில் அமெரிக்கத் தன்னார்வ நிலையங்களில் கண்ணாடி வெப்பமானிகளுக்குப் பதிலாக மின்னணு உணரிகள் பரவலாக வந்தபோது, உச்சம் சராசரியாக சுமார் 0.4 டிகிரி குறைவாகவும், தாழ்வு சுமார் 0.3 டிகிரி கூடுதலாகவும் காட்டப்பட்டன. உணரியைக் கம்பிவடத்தால் இணைக்க வேண்டியிருந்ததால் பல நிலையங்களில் அது கட்டடத்தின் அருகே நகர்ந்ததும் உண்டு. மாற்றம் சில ஆண்டுகளில் பரவியதாலும், எல்லா நிலையங்களும் மாறாததாலும்தான் இதை அளக்க முடிந்தது.

திருத்தத்தின் அளவும் அதன் பிழையும்

ஒரு கற்பனை எடுத்துக்காட்டோடு கணக்கைச் செய்வோம். நூறாண்டுத் தொடரின் சரிபாதியில் ஒரு முறிவு. முறிவுக்கு முன் 120 மாதங்களும் பின் 120 மாதங்களும் எடுத்து வேறுபாட்டுத் தொடரின் சராசரிகளைக் கழிக்கிறோம். வேறுபாட்டுத் தொடரின் திட்ட விலக்கம் 0.5 டிகிரி என்போம். மாதங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால் படியளவின் திட்டப்பிழை 0.065 டிகிரி வரும். ஆனால் அடுத்தடுத்த மாதங்களுக்கிடையே 0.3 அளவு தன்னொட்டுறவு இருந்தால், 120 மாதங்கள் ஏறத்தாழ 65 சார்பற்ற மாதங்களின் மதிப்பையே பெறும். திட்டப்பிழை 0.09 டிகிரியாக உயரும். பலர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அதனால் தங்கள் பிழையைக் கால்பங்குக்கு மேல் குறைத்துச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்த 0.09 டிகிரி நூறாண்டுப் போக்கை எவ்வளவு பாதிக்கும்? தொடரின் நடுவில் உள்ள படி, நேர்கோட்டுப் போக்கில் தன் அளவின் ஒன்றரை மடங்கைத் தொடரின் நீளம் முழுவதற்கும் சேர்க்கும். ஆக, நூற்றாண்டுக்கு 0.13 டிகிரி என்ற நிச்சயமின்மை இந்த ஒரே முறிவிலிருந்து வருகிறது. முறிவு தொடரின் ஓரத்தில் இருந்தால் பாதிப்பு குறையும்.

முறிவுகள் பல இருந்தால் பிழைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். வழக்கமாகக் கடைசிப் பகுதியை மாற்றாமல் வைத்து, முந்தைய பகுதிகளை அதனோடு பொருத்துகிறோம். எனவே நான்கு முறிவுகளுக்கு அப்பாலுள்ள மிகப் பழைய பகுதி நான்கு திருத்தங்களின் பிழைகளையும் சுமக்கிறது. அவை ஒன்றையொன்று சாராதவை என்றால் மொத்தப் பிழை இரு மடங்கு, அதாவது 0.18 டிகிரி. ஒருசீராக்கிய தொடரின் வரைபடத்தில் பின்னோக்கிப் போகப் போக நிச்சயமின்மைப் பட்டை படிப்படியாக அகல வேண்டும். ஒரே அகலத்தில் நீளும் பட்டையைக் கண்டால் கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

கண்டுபிடிக்கப்படாத சிறு முறிவுகளையும் சேர்க்க வேண்டும். பிரிட்டனின் ஹேட்லி மையமும் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகமும் உருவாக்கும் ஹேட்க்ரட் தரவுத்தொகுப்புக்காக பிலிப் புரோகனும் குழுவினரும் 2006-இல் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். அதுவரை செய்யப்பட்ட திருத்தங்களின் அளவுகளை அடுக்கிப் பார்த்தபோது, பூச்சியத்தின் அருகே பள்ளம் இருந்தது. சிறு திருத்தங்கள் இயல்பாக மிக அதிகம் இருக்க வேண்டிய இடத்தில் அவை குறைவாக இருந்ததற்குக் காரணம், சிறு முறிவுகள் கண்ணில் படாததே. முழுமையான பரவல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து, விடுபட்ட பகுதியின் திட்ட விலக்கத்தை 0.4 டிகிரி என்று மதிப்பிட்டு, அதை ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒருசீராக்கப் பிழையாக வைத்தார்கள். உங்கள் வலையமைப்பில் போதிய திருத்தங்கள் இருந்தால் நீங்களும் இந்த வரைபடத்தை வரைந்து பாருங்கள்.

கரையும் பிழையும் கரையாத பிழையும்

அதே 2006 ஆய்வின் எண்களைக் கொண்டே இந்த வேறுபாட்டைக் காட்டலாம். தனி வாசிப்பின் தற்செயல் பிழை 0.2 டிகிரி, நாளுக்கு இரண்டாக மாதத்துக்கு அறுபது வாசிப்புகள் இருப்பதால் மாதச் சராசரியில் அது 0.03 டிகிரிக்குச் சுருங்குகிறது. வெப்பமானியை வாசித்தவரின் கண்பிழை காலநிலை ஆய்வுக்கு ஏறத்தாழ ஒரு பொருட்டே இல்லை. ஒருசீராக்கப் பிழை ஒரு நிலையத்தில் 0.4 டிகிரி, நூறு நிலையங்களின் பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் அவற்றின் சராசரியில் 0.04 டிகிரி ஆகிறது. கூண்டால் வரும் சாய்வு அப்படியல்ல. வெப்பமண்டலத்தில், அதாவது தெற்கு 20 முதல் வடக்கு 20 பாகை வரை, 1930-க்கு முன் அதை 0.2 டிகிரி என்று வைத்து, 1950-இல் பூச்சியமாகும்படி சீராகக் குறைத்தார்கள். மற்ற அட்சரேகைகளில் 1900-க்கு முன் 0.1 டிகிரி, 1930-இல் பூச்சியம். ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே வகைக் கொட்டகை இருந்ததால் இந்தப் பிழை எல்லா நிலையங்களுக்கும் பொதுவானது. நூறு நிலையங்களைச் சேர்த்தாலும் 0.2 டிகிரி 0.2 டிகிரியாகவே நிற்கும். மேற்சொன்ன 0.04-ஐ அதோடு வர்க்கமூல முறையில் கூட்டினாலும் மொத்தம் 0.204-தான்.

எனவே, 1930-க்கு முந்தைய தென்னாசிய வெப்பநிலை பற்றிய ஆய்வில் இன்னும் பத்து நிலையங்களின் பதிவேடுகளைத் தேடுவதா, ஒரு பழைய கொட்டகையைப் போலக் கட்டி ஸ்டீவன்சன் பெட்டியோடு இரண்டு ஆண்டுகள் ஒப்பிடுவதா என்று தேர்வு செய்ய நேர்ந்தால், இரண்டாவதே நிச்சயமின்மையை உண்மையில் குறைக்கும். ஸ்பெயினில் மனோலா புரூனெட்டும் குழுவினரும் பழைய மோந்த்சூரி வகைத் தாங்கிகளை மீண்டும் செய்து லா கொருன்யாவிலும் முர்சியாவிலும் வைத்து இதைத்தான் செய்தார்கள்.

நகரமயமாதலையும் இந்தப் பொதுப்பிழை வரிசையில் வையுங்கள். அது படியாக வராமல் மெல்ல ஏறும். சுற்றியுள்ள நிலையங்களும் வளரும் ஊர்களில் இருந்தால் ஒப்பீட்டில் தெரியாது. உலகளாவிய சராசரிக்கு 2006 ஆய்வு வைத்த எண், 1900 முதல் பத்தாண்டுக்கு 0.0055 டிகிரி. ஆனால் தனி நகரம் ஒன்றின் தொடருக்கு இந்த எண்ணைப் பயன்படுத்தவே கூடாது, நகரத்தின் விளைவு அதைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். அதற்கு அருகிலுள்ள நாட்டுப்புற நிலையத்தோடான வேறுபாட்டின் போக்கைத் தனியே கணக்கிடுங்கள்.

பல படிகளாகக் கொண்டுசெல்லுதல்

பிழைகளைத் தனித்தனியே அறிந்த பிறகு, சூத்திரம் கொண்டு கூட்டுவதை விட நல்ல வழி ஒன்று உண்டு. தொடரின் பல படிகளை, அதாவது நகல்களை, உருவாக்குங்கள். ஒவ்வொரு படியிலும் முறிவு நாளை அதன் நம்பகத்துக்கேற்ப முன்பின் நகர்த்துங்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் அதன் பரவலிலிருந்து தற்செயலாக எடுங்கள். ஐயத்துக்குரிய முறிவைச் சில படிகளில் திருத்துங்கள், சிலவற்றில் திருத்தாமல் விடுங்கள். பொதுப்பிழையை எடுக்கும்போது, ஒரு படிக்குள் எல்லா நிலையங்களுக்கும் எல்லாப் பழைய ஆண்டுகளுக்கும் ஒரே மதிப்பைப் பயன்படுத்த வேண்டும். நிலையத்துக்கு நிலையம் வேறு மதிப்பு எடுத்தால் அது தானாகக் கரைந்து, செய்த வேலை வீணாகிவிடும். பிறகு ஒவ்வொரு படியிலும் போக்கைக் கணக்கிட்டால், அந்தப் போக்குகளின் பரவலே விடை. ஹேட்க்ரட்டின் நான்காம் பதிப்பு இப்படி 100 படிகளையும், ஐந்தாம் பதிப்பு 200 படிகளையும் வெளியிடுகிறது. ஒரு வட்டாரத் தொடருக்கு நூறு படிகள் போதுமானவை.

உங்கள் முறையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். முறிவில்லாத செயற்கைத் தொடர்களை உருவாக்கி, உங்களுக்கு மட்டும் தெரிந்த முறிவுகளை அவற்றில் புகுத்தி, முறை எத்தனையைக் கண்டது, உண்மைப் போக்கை எவ்வளவு மீட்டது என்று பாருங்கள். அமெரிக்கத் தரவுக்கு வில்லியம்சும் மென்னும் பீட்டர் தார்னும் 2012-இல் இதைச் செய்தபோது, திருத்தம் தரவை உண்மையின் பக்கமே நகர்த்தியதும், பிழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் இருந்த சூழல்களில் முழுத் தொலைவும் நகர்த்தாமல் பாதியில் நின்றதும் தெரிந்தது. இந்தக் குறைத்திருத்தம் பொதுவான இயல்பு. உங்கள் திருத்தங்களின் மொத்தம் ஒரே திசையில் சாய்ந்திருந்தால், எஞ்சிய பிழையும் அதே திசையில் இருக்க வாய்ப்பு மிகுதி என்று எழுதுங்கள். நிச்சயமின்மைப் பட்டையை இருபுறமும் சமமாக வரைவது அங்கே தவறு.

வெளியிலிருந்து சரிபார்க்க இடமிருந்தால் அதையும் விட வேண்டாம். அமெரிக்காவில் 2000-களின் தொடக்கம் முதல் இயங்கும் காலநிலை ஆதார வலையமைப்பின் ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று பிளாட்டின உணரிகள், விசிறியால் காற்றோட்டம் தரும் கவசங்களுக்குள், ஊர்களுக்கு வெளியே இருக்கின்றன. சீக் ஹவுஸ்ஃபாதரும் குழுவினரும் 2016-இல் இதனோடு ஒப்பிட்டபோது, பழைய வலையமைப்பின் திருத்திய தரவே, திருத்தாத தரவை விட, ஆதார வலையமைப்புக்கு நெருக்கமாக இருந்தது.

நாள்வாரித் தரவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மாதச் சராசரிக்குச் செய்த திருத்தத்தை ஒவ்வொரு நாளுக்கும் அப்படியே சேர்த்து வெப்ப அலைகளை எண்ணக் கூடாது, ஏனெனில் கூண்டின் பிழை கடும் வெயில் நாளில் ஒன்றாகவும் மேகமூட்ட நாளில் வேறாகவும் இருக்கும். ஆஸ்திரேலிய வானிலைப் பணியகத்தின் 112 நிலையத் தொகுப்பில் செய்வதுபோல், சதமானங்களுக்கேற்பத் திருத்தத்தை மாற்ற வேண்டும். பரவலின் நுனிகளில் நாட்கள் குறைவு என்பதால் நிச்சயமின்மை அங்கே மாதச் சராசரியை விடக் கணிசமாகக் கூடும்.

வெளியிடும்போது

பதிவேட்டிலிருந்து எடுத்த மூல எண்கள், ஒவ்வொரு முறிவின் நாள், திருத்தத்தின் அளவு, அதன் திட்டப்பிழை, ஆதாரம் ஆவணமா புள்ளியியலா இரண்டுமா என்ற குறிப்பு, எல்லாப் படிகள், பயன்படுத்திய நிரல் ஆகியவற்றைப் பதிப்பு எண்ணோடு சேர்த்து வெளியிடுங்கள். மூல எண்ணை எந்நிலையிலும் மேலெழுதி அழிக்காதீர்கள். நாளை நல்ல இணை அளவீடு ஒன்று கிடைத்தால் அதிலிருந்துதான் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். போக்கைச் சொல்லும்போது, ஆண்டுக்கு ஆண்டு வரும் இயற்கைச் சிதறலால் வரும் நிச்சயமின்மை ஒன்று, திருத்தங்களால் வருவது ஒன்று என இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். முதலாவது தொடர் நீள நீளச் சுருங்கும். இரண்டாவது, பழைய கூண்டுகளைப் பற்றி நாம் மேலும் அறிந்தாலொழியச் சுருங்காது, எனவே அவற்றை ஒரே எண்ணாகக் கலந்து தந்தால், அந்தத் தரவைப் பயன்படுத்தும் அடுத்த ஆய்வாளருக்கு எதைத் தேடிப் போக வேண்டும் என்பது தெரியாமல் போய்விடும்.